தொள்ளாயிரம் கிரைண்டர்

ஆகஸ்ட் 1, வெள்ளி

வங்கி கொடுத்த டைரி இது. ஏழு மாதமாக என் மேசையில் டீ கிளாசுக்கு அடியில் கிடந்தது. போன வாரம் வந்த தரச்சான்று ஆடிட்டர், "எழுதி வைக்காதது எதுவும் நடக்கவே இல்லைன்னு அர்த்தம்" என்றார். மூன்று நாளில் அவர் பேசிய ஒரே உருப்படியான வாக்கியம். எனவே எழுதுகிறேன்.

நடந்தது: இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா இருபத்தைந்து சதவீத வரி அறிவித்திருக்கிறது.

எனக்கு அதில் என்ன: கோயம்புத்தூர் ஆவாரம்பாளையத்தில் நான் தர அதிகாரியாக வேலை பார்க்கும் கம்பெனியில் தொள்ளாயிரம் டேபிள்டாப் கிரைண்டர்கள் நியூஜெர்சி போவதற்காகப் பெட்டி கட்டி நிற்கின்றன. அந்த ஊர் வீட்டு மின்சாரம் நூற்றுப்பத்து வோல்ட். நம்முடையது இருநூற்று முப்பது. அமெரிக்காவுக்கென்று சுற்றிய மோட்டாரை இங்கே சுவரில் செருகினால் உளுந்து அரைபடுவதற்குள் மோட்டார் கருகிவிடும். ஆக, அவர்கள் வாங்காவிட்டால் இந்தியாவில் ஒருவருக்கும் இது பயன்படாது. வாசலில் வைத்து அழகு பார்க்கலாம்.

சரக்கு போகவில்லை என்றால் தீபாவளிக்குப் பிறகு, மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் வைண்டிங் செக்‌ஷனையே மூட வேண்டியிருக்கும் என்று முதலாளி சொல்லிவிட்டார். எட்டுப் பெண்கள் அங்கே வேலை பார்க்கிறார்கள். என்னுடைய ஒரு வருட ப்ரொபேஷன் செப்டம்பரில் முடிகிறது. அதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

முதலாளி குழந்தைவேலுவும் நியூஜெர்சி மொத்த வியாபாரி மருதாசலமும் வெள்ளிக்கிழமைதோறும் மாலை ஏழு மணிக்குப் போனில் பேசுவார்கள். மருதாசலம் அன்னூர்க்காரர். அங்கே போய் இருபத்தாறு வருடம் ஆகிறது. கடந்த ஆறு வாரமாக இந்தப் பேச்சை ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தேன். சராசரி நாற்பத்து மூன்று நிமிடம். மழை, தென்னைக்கு வந்த வெள்ளை ஈ, யார் வீட்டில் யாருக்கு மூட்டு ஆபரேஷன், இதெல்லாம் நாற்பத்திரண்டு நிமிடம். வியாபாரம், ஐம்பது நொடி. மீதி பத்து நொடி "அப்பறம்?" "அப்பறமென்ன?"

இன்று போன் வரவில்லை. ஏழரை வரைக்கும் முதலாளி போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "தூங்கிட்டானாட்ட இருக்குது" என்றார். அங்கே அப்போது காலை பத்து மணி.

ஆகஸ்ட் 2, சனி

மருதாசலத்திடமிருந்து கம்பெனி மெயிலுக்கு நான்கு வரி வந்திருந்தது. வரியை யார் எவ்வளவு தாங்குவது என்று பேசிக்கொள்ளலாமாம். அதுவரைக்கும் சரக்கை நிறுத்தி வைக்க வேண்டுமாம்.

முதலாளி பேரூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். போனில் நாதஸ்வரச் சத்தத்துக்கு நடுவே, "பாத்து ஒரு பதில் போட்டுருப்பா" என்றார்.

போட்டேன். சுருக்கமாக, தெளிவாக.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பதில் இல்லை. நம் மெயில் சர்வர் ஒழுங்காகத்தான் இருக்கிறது. சோதித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலையில் செய்தி. இன்னொரு இருபத்தைந்து. ஆக ஐம்பது. இரண்டாவது பாதி இருபத்தேழாம் தேதி முதல்.

பத்து மணி டீக்கு யாரும் டீ குடிக்கவில்லை. பேக்கிங் துரைசாமி பேப்பரை விரித்துப் பெட்டிமேல் வைத்துக்கொண்டு பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயது. உலகத்தில் அவருக்குத் தெரியாதது கிடையாது.

"அம்பது பர்சன்ட்டுன்னா என்னன்னு தெரியுமா? நாம நூறு ரூவாய்க்கு வித்தம்னா அமெரிக்காக்காரன் அதுல அம்பதைப் புடிச்சுக்கிட்டு மிச்சத்தைத்தான் நமக்குக் குடுப்பான்."

"தப்பு" என்றேன். "வரியை நாம கட்டறதே இல்லை. அங்க இறக்குமதி பண்றவர் அவங்க கவர்மென்ட்டுக்குக் கட்டணும்."

வைண்டிங் செக்‌ஷனை நடத்தும் ரங்கநாயகி அக்கா என்னைப் பார்த்தார். பத்தொன்பது வருடமாக இங்கே மோட்டார் சுற்றுகிறவர். நான் சொல்வதை எல்லாம் கேட்டுக்கொள்வார். எதையும் நம்பியதில்லை.

"அப்ப நமக்கு ஒண்ணும் இல்லீங்களா?"

"சட்டப்படி ஒண்ணும் இல்லை."

"அப்பறம் எதுக்குங் தம்பி, மொதலாளி ரெண்டு நாளா சோறு உங்காம உக்காந்திருக்கறாரு?"

விளக்கினேன். ஒரு அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டு, விலை ஏறினால் தேவை எப்படிக் குறையும் என்று காட்டினேன். ஆறு நிமிடம். அனைவரும் அமைதியாகக் கேட்டார்கள்.

"கோடு சாஞ்சு நிக்குதுங்ளே" என்றார் ரங்கநாயகி அக்கா.

"அது சாஞ்சுதான் இருக்கும்."

"எங்கே முடியுதுங்?"

"முடியாது. போய்க்கிட்டே இருக்கும்."

"அதத்தான் நானுஞ் சொல்றனுங்."

துரைசாமி பேப்பரை மடித்தார். "அவனுக்கும் சீனாக்காரனுக்கும் ஆகலை. ரஷ்யாக்காரன்கிட்ட நாம எண்ணெய் வாங்குனா அவனுக்கு ஆகலை. இத்தனை ராவுடிக்கும் நடுவுல நம்ம தோசை மாவு என்னய்யா பாவம் பண்ணுச்சு?"

பெட்டியிலிருந்த இரண்டு கோட்டையும் கையால் துடைத்தேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

போன் வரவில்லை. முதலாளியும் போடவில்லை. "சரக்கு வாங்கறவன் அவன். இந்த நேரத்துல நானாப் போன் பண்ணுனா கெஞ்சற மாதிரி ஆயிரும்" என்றார். மருதாசலம் அங்கே என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாரோ. இரண்டு பெரிய மனிதர்கள் பத்தாயிரம் மைலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு நாடுகளும் இதைத்தான் செய்கின்றன என்பதைக் கவனித்தேன்.

"உன்ற மெயிலுக்காவது பதில் வந்துச்சா தம்பி?"

"இல்லீங்க சார்."

"என்ன எழுதுன?"

"வரி பற்றின விளக்கம்."

அது உண்மை. மெயில் சுருக்கம்தான். இணைப்பு பதினொரு பக்கம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

முதலாளி தொழில் சங்கக் குழுவோடு டெல்லி போகிறார். ஒரு பெரிய அதிகாரியைப் பார்த்து மனுக் கொடுக்க. மனு என் கைவண்ணம். நான்கு பக்கம், இரண்டு வரைபடம். ஒரு அடைமொழிகூட அதிகம் கிடையாது.

போகும்போது சொன்னார்: "வர்றதுக்கு ஒரு வாரம் ஆகும். ஃபேக்டரியை நீ பாத்துக்க. எது செரின்னு படுதோ அதைப் பண்ணு."

ஆகஸ்ட் 12, செவ்வாய்

எது சரி என்று பட்டது. செய்தேன்.

நிலைமை: பத்து நாளாக வாங்குபவரிடமிருந்து ஒரு சொல் இல்லை. இரண்டு மாதத்தில் தீபாவளி. உள்ளூரில் கிரைண்டர் விற்கிற காலமே அதுதான். தொள்ளாயிரத்தையும் பிரித்து, நூற்றுப்பத்து வோல்ட் சுருளை உரித்தெடுத்துவிட்டு, இருநூற்று முப்பதுக்குச் சுற்றி, கண்டென்சரையும் கப்பியையும் ப்ளக்கையும் மாற்றினால் கோயம்புத்தூரிலேயே விற்றுவிடலாம். அமெரிக்காவை நம்பிக்கொண்டிருக்கத் தேவையில்லை. எட்டுப் பேர் வேலையும் பிழைக்கும். இதை ஏன் இதுவரைக்கும் யாரும் யோசிக்கவில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

ரங்கநாயகி அக்காவிடம் சொன்னேன்.

"மொதலாளிகிட்டக் கேட்டீங்களா?"

"எது சரின்னு படுதோ அதைப் பண்ணச் சொன்னார்."

"அது ஊருக்குப் போறவங்க எல்லாருஞ் சொல்றதுங் தம்பி. எங்கூட்டுக்காரரும் சொல்லுவாரு. அதுக்குன்னு நான் என்ன ஊட்டை இடிச்சா வெச்சிருந்தேன்?"

"சரக்கை அவர் வாங்க மாட்டார்க்கா. பத்து நாள் ஆச்சு."

"ஒரு போன் போட்டுக் கேக்கலாமுங்ல்ல?"

"மெயில் அனுப்பியிருக்கேன்."

"மெயில் அனுப்பறதுங்கறது கேக்கறதா?" என்று கேட்டுவிட்டு, கடைசியில் சுத்தியலையும் உளியையும் எடுத்தார். நான் அதிகாரி. அவருக்கு வேறு வழி இல்லை. முதல் நாள் பதினெட்டு மோட்டார்.

ஆகஸ்ட் 13, புதன்

டெல்லியிலிருந்து முதலாளி போன். அதிகாரியைப் பார்த்துவிட்டார்கள். பன்னிரண்டு நிமிடம் கொடுத்தாராம்.

"மனுவைப் படிச்சாரா சார்?"

"எங்க படிச்சாரு? நல்ல மனுசன். மரியாதையா உக்கார வெச்சாரு. ஆனா வெட் கிரைண்டர்னா என்னன்னு கேட்டுப்போட்டாரு."

"என்னங்க?"

"ஈரத்துல எதுக்கு அரைக்கோணும்னாரு. உளுந்தை ஊற வைக்கறதுல ஆரம்பிச்சேன். மாவு பொங்கறதுக்கு வந்தப்ப பன்னெண்டு நிமிசம் முடிஞ்சுபோச்சு."

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றினோம். மிட்டாய் கொடுத்தோம். துரைசாமி அமெரிக்கக் கோலாவைப் புறக்கணிக்க வேண்டும் என்று உரையாற்றினார். கேன்டீனில் கோலா போய்ப் பன்னீர் சோடா வந்தது. அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டிய பெட்டிகளின் மேல் உட்கார்ந்துதான் எல்லாரும் குடித்தார்கள். அவன் நம் கிரைண்டரை வாங்காவிட்டால் அநியாயம், நாம் அவன் கோலாவைக் குடிக்காவிட்டால் தேசபக்தி என்பது எப்படிப் பொருந்துகிறது என்று கேட்டேன்.

"தம்பி, இன்னிக்கு ஒரு நாளாவது கம்முனு இருங்க" என்றார் துரைசாமி.

இதுவரை எழுபத்தொன்பது மோட்டார். மூன்றாவது வெள்ளிக்கிழமையும் போன் வரவில்லை.

அந்த மெயிலின் முதல் வரியை வேறு மாதிரி ஆரம்பித்திருக்கலாம். உள்ளடக்கம் சரிதான். முதல் வரியைச் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 16, சனி

உரித்த பழைய செம்பை எடைக்குப் போட்டேன். இடம் சுத்தமானது. வெளியிலிருந்து பத்துப் பேரைக் கூப்பிட்டு வேலையை வேகப்படுத்தியிருக்கிறேன். ஞாயிறும் ஓடும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

முதலாளி திரும்பினார். தோளில் சங்கத்தின் சால்வை. வைண்டிங் செக்‌ஷன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னப்பா இது?"

விளக்கினேன். இருநூற்றுப் பதினான்கு முடிந்துவிட்டது, இந்த வேகத்தில் அடுத்த மாத ஆரம்பத்திலேயே மொத்தமும் உள்ளூர்ச் சரக்கு ஆகிவிடும் என்றேன்.

சால்வையைக் கழற்றி மடித்தார். திரும்பவும் விரித்து மடித்தார். "செரி, நல்லதுக்குத்தான் பண்ணியிருப்ப" என்றார்.

திட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலை எட்டு மணிக்கு மருதாசலத்தின் போன். வெள்ளி இல்லை, மாலை ஏழு இல்லை. முதலாளி ஸ்பீக்கரில் போட்டார். நான் எழுந்து போகப் பார்த்தேன். உட்காரச் சொல்லிக் கை காட்டினார்.

"மாப்ளே, மொதல்ல ஒண்ணு சொல்லு. யாரப்பா அந்தப் பையன்?"

"எந்தப் பையன் மச்சான்?"

"மெயில் எழுதுன பையன். நீ படிக்கலையா? இரு, படிக்கறேன். 'ஐயா, ஏற்றுமதி செய்பவர்தான் வரி கட்டுகிறார் என்று நினைப்பவர் இறக்குமதித் தொழிலில் இருப்பது ஆபத்து. வரி உங்களுடையது. விலை ஒரு பைசாவும் குறையாது. புரியாவிட்டால் இணைப்பைப் படிக்கவும்.'"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தேன். விநாயகர் சதுர்த்தி இருபத்தேழு, புதன்.

"மச்சான், சின்னப் பையன், படிச்ச திமிரு. நான் என்ன சொல்றதுன்னே..."

"அட, பேச உடு மாப்ளே. அதைப் படிச்சுப்போட்டு ரெண்டு நாளு எனக்குக் கோவம் தாங்கலை. பொறவு ரோசனை பண்ணுனேன். பதினொரு பக்கத்தையும் பிரிண்டு போட்டேன். எங்க எடிசன் ஊருல ஆரம்பிச்சு முப்பத்தொரு மளிகைக் கடைக்கும் எடுத்துட்டுப் போனேன். 'பாருங்க, கோயமுத்தூர்க்காரன் என்ன எழுதியிருக்கான்னு. இவன்கிட்ட நான் என்னத்தப் பேசறது? நீங்க வெலையை ஏத்துனாத்தான் சரக்கு'ன்னேன். அதுல ஒரு கோடு போட்டிருக்கறான் பாரு, சாஞ்சாப்ல, அதைப் பாத்ததும் எல்லாரும் பயந்துட்டாங்க. பாதி வரியைக் கடைல வெலை ஏத்தி எடுத்துக்கறன்னுட்டாங்க."

"அடேங்கப்பா."

"நாம ரெண்டு பேரும் பேசியிருந்தா என்ன ஆயிருக்கும்? நீ அழுதிருப்ப, நானும் அழுதிருப்பேன், ஆளுக்குப் பாதி தலைல போட்டுட்டு வந்திருப்போம். கடைக்காரன் ஒரு டாலரும் ஏத்தியிருக்க மாட்டான். உன்ற குரலைக் கேட்டா எளகிப்போயிருவேன்னுதான் மூணு வாரமாப் போனே போடலை."

"நான் உனக்குக் கோவம்னு நெனச்சேன் மச்சான்."

"கோவந்தான். அது வேற."

மீதிப் பாதி வரியை இருவரும் சமமாகப் பிரித்துக்கொள்வது என்று பேசி முடித்தார்கள். ஐம்பது நொடிகூட ஆகவில்லை. பிறகு மருதாசலம் சொன்னார்: "தொள்ளாயிரமும் வேணும். கடை கடையாப் பிரிச்சு வாக்குக் குடுத்துட்டேன், ஒண்ணு கொறையக் கூடாது. தீபாவளிக்கு முன்னாடி கடைல இருக்கோணும். செப்டம்பர் அஞ்சாந் தேதி கப்பல் ஏத்திரு. சரக்கு அப்படியே பொட்டி கட்டித்தான இருக்குது?"

முதலாளி என்னையே பார்த்துக்கொண்டு, "இருக்குது மச்சான்" என்றார்.

இதில் கவனிக்க வேண்டியது: நான் வெட்கப்பட்ட மெயில், ஆர்டரைக் காப்பாற்றியது. நான் பெருமைப்பட்ட வேலை அதைக் கெடுத்தது. இதை எந்த வரைபடத்தில் போடுவது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

இருநூற்றுப் பதினான்கு மோட்டாரைத் திரும்ப நூற்றுப்பத்துக்கு மாற்ற வேண்டும். பதினான்கு நாள். செம்பைச் சனிக்கிழமை எடைக்குப் போட்டாயிற்று. புதுக் கம்பிக்கு முதலாளி ஃபோன் போடும்போது நான் அறையில் இல்லை. இருக்க வேண்டாம் என்று தோன்றியது.

ரங்கநாயகி அக்காவிடம் போய் நின்றேன்.

"என்னுங் தம்பி?"

"திரும்ப மாத்தணும்."

"எதைங்?"

அவருக்குத் தெரியும். காலையிலேயே துரைசாமி எல்லாருக்கும் சொல்லிவிட்டார். நான் வாயால் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார்.

"நான் மாத்தச் சொன்னதை. தப்புப் பண்ணிட்டேன்க்கா."

எட்டுப் பெண்களும் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். ரங்கநாயகி அக்கா கையைத் துடைத்துக்கொண்டார்.

"சுத்தறதை நாங்க சுத்திப்போடறோம். ஓ.டி. ரெட்டையா வேணும், அதை மொதலாளிகிட்ட நீங்களே கேளுங்க. உரிக்கறதுக்கு எங்களால ஆகாது. போன வாரமே கையெல்லாம் போச்சு. உரிக்கறது நீங்க."

"இருநூத்துப் பதினாலுமா?"

"துரைசாமியண்ணன் கூட வருவாரு. அவருக்கும் பேசறதுக்கு ஒரு ஆளு வேணுமுங்ல்ல."

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வார்னிஷ் இறுகிய சுருளை, மோட்டாரின் சுற்றாத இரும்புக் கூடான ஸ்டேட்டரிலிருந்து உரிப்பது என்பது பல்லைப் பிடுங்குவது மாதிரி. ஒரு மோட்டாருக்கு இருபத்து நான்கு பல். கையில் ஏழு கொப்புளம். துரைசாமி தங்கம், எண்ணெய், யூரோ பற்றி ஐந்து மணி நேரம் பேசினார். அதில் பாதி தப்பு. திருத்தவில்லை. மூச்சு இல்லை.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. விடுமுறை. எல்லாரும் வந்திருந்தார்கள். ரங்கநாயகி அக்கா கொழுக்கட்டை கொண்டுவந்தார். எனக்கு ஒன்று அதிகம் வைத்தார். காரணம் கேட்கவில்லை.

இந்திய நேரம் காலை ஒன்பது முப்பத்தொன்றுக்கு இரண்டாவது இருபத்தைந்தும் அமலுக்கு வந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் எதுவும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

கம்பெனி தாங்க வேண்டிய கால் பங்கு எங்கிருந்து வருகிறது என்பது தெரியத் தொடங்கியிருக்கிறது. கல் கொடுப்பவர் கொஞ்சம் குறைத்தார். அட்டைப்பெட்டிக்காரர் குறைத்தார். குறைத்துவிட்டு, தன் காகிதக் கூழ் ஆலைக்காரரைக் குறைக்கச் சொல்லி அங்கேயே உட்கார்ந்து போன் போட்டார். லாரி வாடகை குறைந்தது. இன்று முதல் டீயோடு கொடுக்கும் இரண்டு பிஸ்கட் ஒன்றானது.

ரங்கநாயகி அக்கா அந்த ஒற்றை பிஸ்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, சட்டப்படி நமக்கு ஒண்ணும் இல்லைன்னு சொன்னீங்ல்ல?"

"ஆமாக்கா."

"அப்ப இதைக் கடிச்சவன் யாருங்?"

மாலையில் முதலாளி கூப்பிட்டார். என் ப்ரொபேஷனை இன்னும் ஆறு மாதம் நீட்டியிருக்கிறாராம். "வேற எங்கயாவது பாத்துக்கறன்னா பாத்துக்க தம்பி. நான் தப்பா நெனைக்க மாட்டேன்" என்றார்.

"இல்லீங்க சார். இன்னும் அறுபத்திரண்டு மோட்டார் இருக்கு."

செப்டம்பர் 3, புதன்

முடித்தோம்.

இருநூற்றுப் பதினான்கையும் டெஸ்ட் பெஞ்சில் நூற்றுப்பத்து வோல்ட்டில் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்துப் பேக்கிங்குக்கு அனுப்பினேன். மூன்றே முக்காலுக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் எடுக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. வாசலில் கன்டெய்னர் டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. ஆறு மணிக்கு வண்டி தூத்துக்குடிக்குக் கிளம்பியது. துரைசாமி கதவுக்குச் சூடம் காட்டினார். எட்டுப் பெண்களும் கை தட்டினார்கள். முதலாளி எனக்கும் சேர்த்துப் பன்னீர் சோடா வாங்கித் தந்தார்.

செப்டம்பர் 5, வெள்ளி

கப்பல் கிளம்பிவிட்டது. மாலை ஏழு மணிக்குப் போன் வந்தது. ஐம்பத்தோரு நிமிடம். அளந்ததற்குக் காரணம் எதுவும் இல்லை. கேட்க நன்றாக இருந்தது.

செப்டம்பர் 6, சனி

பெஞ்சைச் சுத்தம் செய்யும்போது கண்டுபிடித்தேன்.

ஓட்டிப் பார்த்துத் தேறிய ஒவ்வொரு கிரைண்டருக்கும் கீழே ஒரு சிவப்புச் சீட்டு ஒட்டினேன். எண்ணி எடுத்துவந்தது இருநூற்றுப் பதினான்கு சீட்டு. மிச்சம் இருக்கக் கூடாது. ஒன்று இருந்தது. அலமாரிக்கு அடியில், உரிக்க வராத ஒரு மோட்டாருக்குப் பதிலாகப் போடவென்று புதிதாகச் சுற்றிய நூற்றுப்பத்து வோல்ட் மோட்டார் ஒன்றும் இருந்தது. கரண்ட் போன நேரத்தில், ப்ளக்கை மட்டும் மாற்றி மோட்டாரை மாற்றாத ஒரு கிரைண்டர் பெஞ்சைத் தாண்டிப் பெட்டிக்குப் போயிருக்கிறது.

அதாவது கடலில் போய்க்கொண்டிருக்கும் தொள்ளாயிரத்தில் ஒன்று இருநூற்று முப்பது வோல்ட். அமெரிக்கச் சுவரில் செருகினால் கருகாது. உறுமும். சுற்றாது. எது என்று தெரியாது.

இரண்டு மணி நேரம் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு இது வழக்கமில்லை. எதையும் முகத்துக்கு நேரே சொல்கிறவன் என்று எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. மற்றவர்கள் தப்பைச் சொல்லும்போது அது எவ்வளவு சுலபமாக இருந்தது.

பிறகு முதலாளியிடம் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு போனை என் பக்கம் தள்ளினார். "நீயே சொல்லு. அங்க மணி காலைல ஏழு, எந்திரிச்சிருப்பான்."

முதல்முறையாக மருதாசலத்திடம் பேசினேன். சுருக்கமாக, தெளிவாகச் சொன்னேன்.

"பதினொரு பக்கம் எழுதுன பையன் நீதான?"

"ஆமாங்க."

"தொள்ளாயிரம் பொட்டியையும் பிரிச்சுப் பாத்துத் திரும்ப ஒட்டறதுக்கு இங்க ஆளு என்ன கேப்பான் தெரியுமா? அதுக்கு இன்னொரு வரியே கட்டிப்போடலாம்."

"ஒரு மோட்டாரை ஏர்ல அனுப்பி வெச்சுடறேங்க. யாராவது சுத்தலைன்னு சொன்னா மாத்திக் குடுத்துருங்க. மாத்தறது எப்படின்னு எழுதித் தர்றேன்."

"ஒரே பக்கத்துல எழுது சாமி" என்றார். பிறகு சிரித்தார். "எவ ஊட்டுக்குப் போகுதோ அவ போன் பண்ணுவா. கடைக்காரனைத் திட்டுவா, என்னையத் திட்டுவா, கோயமுத்தூரையே திட்டுவா. வரி போட்டவனை மட்டும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டா பாரு."

செப்டம்பர் 8, திங்கள்

மோட்டாரைப் பெட்டி கட்டிக் கூரியர் ஆபீசுக்கு எடுத்துப் போனேன். ரங்கநாயகி அக்கா ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக அதை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். என்னை ஓட்ட விடவில்லை.

கவுன்டரில் இருந்த பெண் படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். "அமெரிக்காவாங் சார்? இப்ப வரி ஜாஸ்தி. அங்க போனதும் வரி யாரு கட்டறாங்கன்னு இங்கயே டிக் பண்ணிருங்க."

இரண்டு கட்டம் இருந்தது. பெறுபவர். அனுப்புபவர்.

இரண்டாவதில் டிக் போட்டேன். என் சொந்தக் கார்டைக் கொடுத்தேன்.

அவர் படிவத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "இது வாங்கறவங்கதானுங் சார் கட்டோணும்? முறை அதுதானுங்."

தெரியும் என்றேன்.